விமான சிமுலேட்டருக்காக வாங்கிய 2 டிபி எஸ்எஸ்டி: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

எக்ஸ்-பிளேன் 12, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 ஆகிய இரண்டு விமான சிமுலேட்டர்களும் என் கணினியில் முன்பு விண்டோஸுடன் ஒரே 500 ஜிபி எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகத்தில்) நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அப்டேட் வரும்போதெல்லாம் எதை அழிப்பது என்று தேடுவதே பெரும் வேலையாகிவிட்டதால், சிமுலேட்டருக்கென்றே தனியாக ஒரு 2 டிபி என்விஎம்இ (வேகமான இணைப்பு வகை) எஸ்எஸ்டி வாங்கினேன். ஒவ்வொரு நினைவக அறையிலும் நான்கு பிட்டுகளைச் சேமிக்கும் கியூஎல்சி வகையைச் சேர்ந்தது. விலையும் கொள்ளளவும் பொருந்தி வந்ததால் தேர்ந்தெடுத்தேன். ஓராண்டுக்கும் மேலாக நாள்தோறும் பயன்படுத்திய பின்னரே இதை எழுதுகிறேன்.

பெட்டியில் 2 டிபி என்று இருந்தாலும் விண்டோஸ் அதை 1.81 டிபி என்றே காட்டும். தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1,024-இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு இது, குறையன்று. ஆனால் இடத்தைத் திட்டமிடுகிறவர் இந்தச் சிறிய எண்ணிலிருந்தே தொடங்க வேண்டும்.

இடத்தை விழுங்குவது சிமுலேட்டர் அன்று, சீனரி, அதாவது பறக்கும்போது கீழே தெரியும் நிலக்காட்சிக்கான கோப்புகள். மைக்ரோசாஃப்டின் 2020 பதிப்புக்கு 150 ஜிபி வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. 2024 பதிப்பு பெரும்பாலானவற்றை இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்வதால் 50 ஜிபி என்று குறைத்துக்கொண்டது. எக்ஸ்-பிளேனில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற மென்பொருள் மூலம் நாமே நிலப்பரப்பை உருவாக்கும்போதுதான் கணக்கு கைமீறிப் போகிறது. அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் ஒவ்வொரு பாகை அளவுள்ள ஒரு சதுரமே அதில் ஒரு டைல். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஒரு டைலை ஜூம் நிலை (படம் எவ்வளவு நுணுக்கமானது என்பதன் அளவு) 16-இல் உருவாக்கினால் அதன் படங்களுக்குச் சுமார் ஒன்றரை ஜிபி ஆகும். 17-இல் அது 6 ஜிபியை நெருங்கும். 18-இல் 23 ஜிபி அளவுக்குப் போய்விடும். ஒரு நிலை ஏறினால் நீளத்திலும் அகலத்திலும் படப்புள்ளிகள் இரட்டிப்பாகி, மொத்தத்தில் நான்கு மடங்காவதே காரணம். ஆகவே பரந்த நிலத்துக்கு 16, அடிக்கடி பறக்கும் பகுதிக்கு 17, விமான நிலையங்களைச் சுற்றி மட்டும் 18 என்று பிரித்துக்கொண்டேன். இப்படிப் பிரித்த பிறகுதான் 2 டிபி போதுமானதாயிற்று.

இந்த எஸ்எஸ்டியின் வாசிப்பு வேகத்தில் எனக்கு முழு நிறைவு. முன்பு டைல்களை ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தபோது, ஓடுபாதையை நோக்கி இறங்கும் அந்தக் கடைசி நிமிடத்தில் புதிய படங்கள் ஏறுவதற்காகத் திரை திக்கித் திக்கி நிற்கும். விமானத்தின் மூக்கைத் தூக்க வேண்டிய நொடி தவறிப்போகும். அந்தத் தொல்லை அடியோடு போய்விட்டது. அதே வேளையில், நொடிக்கு 3,500 எம்பி வாசிக்கும் எஸ்எஸ்டியை விட்டு 7,000 எம்பி வாசிக்கும் ஒன்றுக்குக் கூடுதல் பணம் தருவதில் சிமுலேட்டரைப் பொறுத்தவரை பயன் மிகக் குறைவு என்பதே என் கருத்து. படங்கள் ஏறும் நேரத்தின் பெரும்பகுதியைக் கணினியின் சிபியுதான் எடுத்துக்கொள்கிறது; அந்தப் பணத்தைக் கொள்ளளவில் போடலாம்.

எழுதும் வேகத்தில்தான் ஏமாற்றம். எஸ்எஸ்டி முக்கால் பங்கு நிறைந்திருந்த ஒரு நாளில், பழைய எஸ்எஸ்டியில் உருவாக்கி வைத்திருந்த 280 ஜிபி டைல்களை இதற்கு நகர்த்தினேன். முதல் 100 ஜிபி வரை மளமளவென்று போனது, பிறகு நொடிக்கு 120 எம்பி அளவுக்குச் சரிந்து, மீதியை முடிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. காலியாக உள்ள இடத்தின் ஒரு பகுதியையே வேகமான தற்காலிகக் கிடங்காகப் பயன்படுத்துவது கியூஎல்சி வகையின் இயல்பு. இடம் நிறைய நிறைய அந்தக் கிடங்கு சுருங்கிவிடுகிறது. விற்பனைப் பக்கத்தில் உச்ச வேகத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டவர்கள் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தமே. அதன்பின் எப்போதும் 300 ஜிபியைக் காலியாகவே விட்டுவைக்கிறேன்.

அந்தக் காலியிடத்தை மீட்க உதவியது ஒரு சின்னக் கண்டுபிடிப்பு. டைல் உருவான பிறகும் ஆர்த்தோ4எக்ஸ்பி தான் இறக்கிய மூலப்படங்களைத் தன் ஆர்த்தோஃபோட்டோஸ் கோப்புறையிலேயே விட்டுவைக்கிறது. அதே டைலை மீண்டும் உருவாக்கும் எண்ணம் இல்லாவிட்டால் அவற்றை அழித்துவிடலாம். பறப்பதற்கு அவை தேவையில்லை. எக்ஸ்-பிளேனின் கஸ்டம் சீனரி கோப்புறையில் ஷார்ட்கட் வைத்தாலே போதும் என்பதால், டைல்கள் சிமுலேட்டர் இருக்கும் எஸ்எஸ்டியிலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

சீனரியை வாங்கியோ இறக்கியோ பறப்பவர்களுக்கு இந்த வகை எஸ்எஸ்டியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாரந்தோறும் புதிய டைல்களை உருவாக்கி, நகர்த்தி, அழிப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் செலவிட்டு அறைக்கு மூன்று பிட்டுகளை மட்டும் சேமிக்கும் டிஎல்சி வகையை வாங்குவது நல்லது. என் மதர்போர்டில் எஸ்எஸ்டியைப் பொருத்தும் இரண்டாவது எம்.2 இடம் காலியாக இருக்கிறது. டைல் உருவாக்கும் வேலைக்காக ஒரு டிஎல்சி எஸ்எஸ்டி அங்கே வரும், இது சீனரிக் கிடங்காகத் தொடரும்.