பத்து மில்லி பெரிதா, ஆறு மில்லி பெரிதா?

மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவரின் கையில் இருக்கும் உறைவிந்துக் குச்சி, அதாவது உறைய வைத்த விந்தை அடைத்த மெல்லிய குழல், வெறும் 0.25 மில்லி. அதற்குள் சுமார் 2 கோடி விந்தணுக்கள். அவற்றைக் காளையிடமிருந்து எடுத்த விதம் தரத்தில் தெரியும்.

வழிகள் மூன்று. செயற்கை யோனி, மின்தூண்டல், மலக்குடல் வழியாகக் கைவிட்டுத் தடவி எடுப்பது. அலமாதி, உதகமண்டலம் போன்ற உறைவிந்து நிலையங்களில் அன்றாடம் நடப்பது முதலாவது. கூண்டில் கட்டிய மாட்டின்மேல் காளை ஏறும்போது, வெந்நீர் நிரப்பிய ரப்பர் உறைக்குள் விந்தைப் பிடிக்கிறார்கள்.

மின்தூண்டலில் அளவு கூடும். அந்தக் கூடுதலைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. மலக்குடலுக்குள் வைத்த கருவியின் மின்சாரம் விந்துநீரைச் சுரக்கும் துணைச் சுரப்பிகளையும் முடுக்கிவிடுவதால் நீர்தான் அதிகம் வருகிறது. பாலில் தண்ணீர் ஊற்றிய கதை. ஒரு கணக்குக்கு, செயற்கை யோனியில் மில்லிக்கு 120 கோடி வீதம் 6 மில்லி கிடைத்தால் 720 கோடி, அதாவது 360 குச்சிகள். மின்தூண்டலில் மில்லிக்கு 60 கோடி வீதம் 10 மில்லி என்றால் 600 கோடி, 300 குச்சிகள். மின்தூண்டலால் அணுக்கள் நீந்தி ஓடும் வேகம் பெரும்பாலும் கெடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் காளை முதுகை வளைத்து முனகுவதைப் பார்த்தவர்கள், வாரம் இருமுறை அதைச் செய்யத் துணிய மாட்டார்கள்.

தடவி எடுப்பதற்குக் கருவி வேண்டாம், பழகிய கை போதும். குறி முழுதாக வெளியே நீளாததால் விந்து முன்தோல் வழியாகச் சொட்டுகிறது. மயிர், அழுக்கு, சில நேரம் சிறுநீர் எல்லாம் கூடவே வரும். காளைக்கு இனப்பெருக்கத் தகுதி உண்டா என்று பார்க்க இது போதும். உறைய வைக்க நான் இதை நம்ப மாட்டேன்.

அப்படியானால் செயற்கை யோனிக்குக் குறையே இல்லையா? உண்டு, ஆள் சரியில்லாவிட்டால். உட்சூடு 42 முதல் 45 டிகிரி இருக்க வேண்டும். குறைந்தால் காளை இறங்கிவிடும். கூடினால் சுட்டுக்கொண்டு, மறுமுறை கிட்டவே வராது. ரப்பரில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்து தண்ணீர் கசிந்தாலும் போதும், நுண்ணோக்கியில் வால் சுருண்ட அணுக்களாகத் தெரியும். குளிர்ந்த குழாயில் பிடித்தாலும் அணுக்கள் அதிர்ந்து அடங்கிவிடும். அவசரமும் கூடாது. இரண்டு மூன்று முறை ஏறவிட்டு, பிடிக்காமல் இறக்கி, சற்றுக் காக்கவைத்தால் அதே காளை கூடுதல் அணுக்களைத் தருகிறது. இந்தப் பொறுமைக்குப் பலன் தருவது இந்த முறை மட்டும்தான்.

மின்தூண்டலுக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. காலில் அடிபட்டோ வயதாகியோ ஏற முடியாத உயர்ரகக் காளைக்கு அதுதான் வழி. ஏறத் தெரிந்த காளையின் விந்து திடீரென மோசமானால் முதலில் பார்க்க வேண்டியது ரப்பர் உறையும் வெப்பமானியும்.