கப்பல் பயணத்துக்குச் சொந்த மது பாட்டில் கொண்டுபோகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கடந்த ஆண்டு எங்கள் கல்யாணத்துக்கு 25 வருடம் நிறைந்தது. நானும் மனைவியும் சிங்கப்பூரில் இருக்கிறோம். திருச்சியிலிருந்து அண்ணன் குடும்பமும் என் மாமியாரும் வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து நான்கு இரவுக் கப்பல் பயணம் போவது என்று முடிவு செய்தோம். சிங்கப்பூரில் ஏறினால் பினாங்கு, லங்காவி, அப்புறம் ஒரு முழு நாள் கடலில், மறுநாள் காலை திரும்ப சிங்கப்பூர்.

மெல்பர்னில் இருக்கும் என் மச்சினனால் வர முடியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நண்பர் மூலம் ஒரு ஒயின் பாட்டில் அனுப்பியிருந்தான். ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் செய்த ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின். லேபிளில் 2000 என்று இருந்தது. நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட வருடம். எத்தனை கடை ஏறி இறங்கித் தேடினானோ தெரியாது. லேபிளின் கீழ் மூலையில் நீலப் பேனாவில் 'அக்காவுக்கும் மாமாவுக்கும் 25' என்று தமிழில் எழுதியிருந்தான். அதைக் கப்பலில் கல்யாண நாள் இரவு சாப்பாட்டில் திறக்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை.

டிக்கெட் போட்டது லிட்டில் இந்தியா பக்கம் இருக்கும் ஒரு ஏஜெண்ட். பல வருடப் பழக்கம். பணம் கட்டுவதற்கு முன்னாடியே கேட்டேன், பாட்டில் கொண்டு போகலாமா என்று. வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது. "அண்ணே, தாராளமா கொண்டு போங்க. ஒருத்தருக்கு ரெண்டு பாட்டில், ஒயினோ விஸ்கியோ எதுவானாலும் சரி. டைனிங்ல குடுத்தா அவங்களே திறந்து ஊத்துவாங்க, சின்னதா ஒரு ஃபீஸ் வாங்குவாங்க, அவ்வளவுதான்." கையோடு இன்னொன்றும் சொன்னார்: பாட்டில் கொண்டுபோவதால் டிரிங்க்ஸ் பேக்கேஜ் (கப்பலில் குடிப்பதற்கு முன்கூட்டியே மொத்தமாகப் பணம் கட்டும் திட்டம்) வாங்க வேண்டாம், வீண் செலவு என்று. நம்பினேன்.

அவர் சொன்னது முழுக்கப் பொய்யாக இருந்திருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். பாதி உண்மையாக இருந்ததுதான் பிரச்சினை. சில கப்பல் கம்பெனிகள் உண்மையிலேயே ஒயினை அனுமதிக்கின்றன. கார்னிவலில் வயது வந்த ஒருவருக்கு 750 மில்லியில் ஒரு ஒயின் பாட்டில், அதுவும் ஏறும் நாளன்று கைப்பையில் வைத்துக் கொண்டுபோனால் மட்டும். நார்வீஜியனில் ஒயின் கொண்டு போகலாம், ஆனால் பாட்டிலுக்கு இவ்வளவு என்று திறப்புக் கட்டணம் உண்டு. விஸ்கி, ரம், ஜின் மாதிரி சரக்கை இரண்டுமே விடுவதில்லை. பார் விற்பனை கப்பலுக்குப் பெரிய வருமானம், அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நாங்கள் போன கப்பலின் விதி இதையெல்லாம் விடக் கடுமையானது: வெளியிலிருந்து எந்த மதுவும் கூடாது, கொண்டு வந்தால் வாங்கி வைத்துக் கடைசி நாள் காலையில்தான் தருவார்கள். இது அவர்கள் இணையதளத்தில் எழுதியே இருக்கிறது. ஏஜெண்ட் அதைப் படிக்கவில்லை. ஏதோ ஒரு கப்பலின் விதியையும் இன்னொன்றின் விதியையும் கலந்து, விஸ்கியையும் தன் பங்குக்குச் சேர்த்து எனக்குச் சொல்லியிருக்கிறார்.

டெர்மினலில் பை எக்ஸ்ரேயில் போனதுமே பாட்டிலை எடுத்துவிட்டார்கள். நான் சண்டை போடவில்லை. விதி என்றால் விதி. ஆனால் அவர்கள் கொடுத்த சீட்டைப் பாருங்கள். ஒரு விரல் நீளத் துண்டுக் காகிதம். அதில் அறை எண், தேதி, அப்புறம் 'மது - 1' என்பதற்கான ஆங்கில எழுத்துகள். ஒயினா, பீரா, என்ன பெயர், எந்த வருடம், எதுவும் இல்லை. பாட்டிலின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு அதே எண் எழுதிய இன்னொரு துண்டைச் செருகினார்கள். ரப்பர் பேண்ட் கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. "பெயரைச் சேர்த்து எழுதுங்கள்" என்று கேட்டேன். "தேவையில்லை சார், எண் இருக்கிறதே" என்றார் அந்தப் பையன். பின்னால் நீண்ட வரிசை. நகர்ந்துவிட்டேன். அந்த இடத்தில் போனை எடுத்து ஒரு படம் பிடித்திருக்க வேண்டும். பாட்டிலும் சீட்டும் ஒரே படத்தில் தெரியும்படி. தயவுசெய்து இதை மட்டுமாவது நீங்கள் செய்யுங்கள்.

அதோடு விடவில்லை. சாயங்காலம் எல்லோருடைய பெட்டிகளும் அறை வாசலுக்கு வந்துவிட்டன, என் மாமியாருடையது மட்டும் வரவில்லை. போன் செய்து கீழ்த்தளத்துக்குக் கூப்பிட்டார்கள். அத்தைக்கு 71 வயது, முட்டி வலி. அந்த இரும்பு நடைபாதையில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. 50 நிமிடம் நின்றோம். பெட்டியைத் திறந்தால் தசமூலாரிஷ்டம். வலிக்கு அவர் தினமும் குடிக்கிற மருந்து. அரிஷ்டங்கள் புளிக்கவைத்துச் செய்கிறவை, அதில் 5-லிருந்து 10 சதவீதம் வரை ஆல்கஹால் தானாகவே உண்டாகும், லேபிளிலும் போட்டிருப்பார்கள். காவலர் அந்த வரியைக் காட்டி மது என்றார். மருந்து என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். மருத்துவர் சீட்டு கேட்டார்கள், எங்களிடம் இல்லை. அத்தை வாழ்க்கையில் மதுவைத் தொட்டதில்லை. நாலு பேர் பார்க்க அப்படி நிற்க வைத்ததில் அவர் கண் கலங்கிவிட்டது. வீட்டுப் பெரியவர்கள் அரிஷ்டம், ஆசவம் குடிப்பவர்களாக இருந்தால் மருத்துவர் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்து ஏறும்போதே காட்டிவிடுங்கள்.

பினாங்கில் ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிட்டோம். லங்காவியில்தான் அடுத்தது. ஏஜெண்ட் ஏற்பாடு செய்த வேன்காரர் எங்களை நேராக ஒரு கடையில் கொண்டுபோய் இறக்கினார். லங்காவி 1987-லிருந்து வரியில்லாத தீவு. விஸ்கி அங்கே மலிவுதான், அதில் ஏமாற்று இல்லை. ஒரு லிட்டர் பாட்டில் சிங்கப்பூர்க் காசுக்கு 30 வெள்ளி (டாலர்) சுமார். "கப்பலில் கொடுத்து வைத்துவிடுங்கள், சிங்கப்பூரில் இறங்கும்போது தருவார்கள், ஆளுக்கு ஒரு லிட்டர் வரி கிடையாது" என்று வேன்காரர் சொன்னார். ஏஜெண்டுக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன். அவரும் ஆமாம் என்றார். நானும் அண்ணனும் ஆளுக்கு ஒன்று வாங்கினோம்.

அவர்கள் சொன்னது தவறு. சிங்கப்பூரில் இருப்பவர்கள் பலருக்கும் உண்மையான விதி தெரிந்திருக்கும். எனக்கும் அரைகுறையாகத் தெரியும், கப்பல் என்றால் வேறு மாதிரி இருக்கும் போல என்று நினைத்துவிட்டேன். 18 வயது ஆகியிருக்க வேண்டும், 48 மணி நேரமாவது வெளியே இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வந்திருக்கக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால்தான் மதுவுக்கு வரிச்சலுகை. மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் பாலத்தில் வந்தாலும் கப்பலில் வந்தாலும் மலேசியா மலேசியாதான். எங்கள் கப்பல் கடைசியாகத் தொட்ட துறைமுகம் லங்காவி. நடுவில் ஒரு நாள் முழுக்கக் கடலில் இருந்தோம் என்பதால் அது மாறிவிடாது.

கல்யாண நாள் அந்தக் கடல் நாளில்தான் வந்தது. பாட்டிலை அன்று ஒரு மணி நேரம் மட்டும் தரச் சொல்லி வரவேற்பு மேசையில் மூன்று முறை போய்க் கேட்டேன். திறப்புக் கட்டணம் எவ்வளவானாலும் கட்டுகிறேன் என்றேன். முடியாது என்றார்கள். கடைசியில் கப்பலிலேயே ஒரு பாட்டில் வாங்கினோம். மெனுவில் இருந்த விலைக்கு மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம் தனியாக ஏறியது. அறைக் கணக்கில் அது சேர்வதால் குடிக்கும்போது தெரியாது, கடைசி இரவு கதவுக்குக் கீழே பில்லைத் தள்ளும்போதுதான் தெரியும். சரி, பேக்கேஜாவது வாங்கியிருக்கலாமே என்று விசாரித்தால், ஒரே அறையில் இருக்கும் பெரியவர்களில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்கியே ஆக வேண்டுமாம். பல கப்பல்களில் இந்த விதி இருக்கிறது. குடிக்காத மனைவி, குடிக்கிற கணவன் என்று போகிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

கடைசி நாள் காலை ஏழு மணிக்கு, பாட்டில் திருப்பித் தரும் இடத்துக்குப் போனேன். உணவகத்துக்கு வெளியே இரண்டு நீண்ட மேசைகள். நூறு பாட்டிலுக்கு மேல் இருக்கும். கழுத்தில் துண்டு இல்லாதவை நிறைய. ஆட்கள் தாங்களே எடுத்துப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். கழன்ற ரப்பர் பேண்டுகள் மேசை விரிப்பில் அங்கங்கே கிடந்தன. விஸ்கி இரண்டும் கிடைத்தன. ஒயின் என்று எங்கள் அறை எண்ணுக்கு எடுத்துக் கொடுத்தது வேறு ஏதோ ஒரு வெள்ளை ஒயின், திருகு மூடி போட்டது. இது எங்களுடையது இல்லை என்றேன். "சீட்டில் ஒரு பாட்டில் என்றுதானே இருக்கிறது சார், ஒரு பாட்டில் கொடுத்துவிட்டோம்" என்றார் அங்கே நின்ற அதிகாரி. இதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. மனைவி இரண்டு மேசைகளையும் ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பிப் பார்த்தாள், நீலப் பேனா எழுத்து இருக்கிறதா என்று. இறங்கச் சொல்லி அறிவிப்பு வரும் வரை பார்த்தாள். அந்த வெள்ளை ஒயினை நாங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. அதுவும் யாரோ ஒருவருடையதாக இருக்கும்.

கீழே வந்து சுங்கத்தில், வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய் விஸ்கியைச் சொன்னோம். அதிகாரி மரியாதையாகவே பேசினார், கணக்கையும் விளக்கினார். ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்குக் கலால் வரி 88 வெள்ளி. விஸ்கி 40 சதவீதம் என்பதால் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு 35 வெள்ளி 20 காசு. அதற்கு மேல் விலையும் வரியும் சேர்ந்த தொகைக்கு 9 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக ஒரு பாட்டிலுக்கு 41 வெள்ளி, இரண்டுக்கும் 82. பாட்டிலின் விலையை விட வரி அதிகம். இந்தியாவுக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லை என்பதால் அண்ணன் திருச்சிக்குக் கொண்டுபோக நினைத்தே வாங்கினார், ஆனால் வழியில் சிங்கப்பூருக்குள் நுழைகிறோமே. சொல்லாமல் பச்சை வழியில் போய்விடலாம் என்று கூட வந்த ஒருவர் யோசனை சொன்னார். செய்யாதீர்கள். பிடிபட்டால் அபராதம் இதை விடப் பெரியது.

ஏஜெண்டிடம் போனேன். "கப்பல்காரன் விதிய மாத்திட்டான் அண்ணே" என்றார். மாற்றவில்லை. டிக்கெட்டோடு வந்த பயண ஒப்பந்தத்தின் நிபந்தனைகளிலேயே அதே விதி இருக்கிறது, அதை அவர் எனக்கு அனுப்பவே இல்லை. வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டியதும் பேச்சு நின்றது, இப்போது போனை எடுப்பதில்லை. கப்பல் கம்பெனி ஆறு வாரம் கழித்து மெயில் அனுப்பியது: அடுத்த பயணத்தில் செலவழிக்க 50 வெள்ளி தருகிறார்களாம். வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

சிங்கப்பூரில் 20,000 வெள்ளி வரையிலான இந்த மாதிரி வழக்கைச் சிறு கோரிக்கை மன்றத்தில் வக்கீல் இல்லாமலே போடலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்கள் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். ஏஜெண்ட் மீது போட்டிருக்கிறேன். வாய்ஸ் மெசேஜ், வரி ரசீது, கப்பல் பில் எல்லாம் சேர்த்திருக்கிறேன். ஒயினுக்கு மட்டும் அந்த விரல் நீளச் சீட்டைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

அன்று காலை அந்த மேசையிலிருந்து யாராவது தவறுதலாக எடுத்துப் போயிருக்கலாம். 2000 ஷிராஸ், லேபிளின் கீழ் மூலையில் நீலப் பேனாவில் தமிழ் எழுத்து. உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ பார்த்தால் சொல்லுங்கள். திறந்து குடித்திருந்தாலும் பரவாயில்லை, காலி பாட்டில் போதும். என் மனைவிக்கு அந்த லேபிள்தான் வேண்டும்.