சென்னை – மதுரை: ஒன்றேகால் மணி நேரம் யார் கணக்கு?

வரைபடத்தில் மீனம்பாக்கத்தையும் மதுரை விமான நிலையத்தையும் அளவுகோல் வைத்து இணைத்துப் பாருங்கள். கோடு விழுப்புரத்தையும் திருச்சியையும் ஏறக்குறைய உரசிக்கொண்டு போகும். நெடுஞ்சாலையும் அவ்விரு ஊர்களின் வழியாகத்தான் போகிறது. குறுக்கே பெரிய மலை எதுவும் இல்லை. அதனால்தான் வானில் சுமார் 415 கி.மீ. உள்ள தூரம், சாலையில் 460 கி.மீ. அளவோடு நின்றுவிடுகிறது. ஆக, தூரத்தில் பெரிய போட்டியில்லை, சண்டையெல்லாம் நேரத்தில்தான்.

விமான டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று இருக்கும். அது ஓடுபாதைக்கும் ஓடுபாதைக்கும் உள்ள கணக்கு. வீட்டு வாசலில் தொடங்கி எண்ண வேண்டும் என்பது என் கட்சி. மயிலாப்பூரிலிருந்து கிளம்பினால் விமான நிலையம் சேர முக்கால் மணி நேரம். பெட்டியை ஒப்படைக்கும் கவுன்ட்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும் என்பதால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய் உட்காருகிறோம். பறப்பது ஒன்றேகால். பெட்டிக்குக் காத்திருப்பது இருபது நிமிடம். பிறகு சிம்மக்கல் போக டாக்ஸியில் நாற்பது நிமிடம். கூட்டினால் நாலரை மணி நேரம்!

காரில் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நிறுத்தி எட்டு மணி நேரம். அப்படியானால் விமானம் மிச்சப்படுத்துவது மூன்றரை மணி நேரம். தனியாளுக்கு அது நல்ல பேரம்தான்; நானும் அவசரத்துக்குப் பறந்திருக்கிறேன். நான்கு பேர் என்றால் நான்கு டிக்கெட். கார் நால்வரையும் ஒரே முப்பது லிட்டர் பெட்ரோலில் கொண்டுபோய்விடும். சுங்கச்சாவடிகளுக்கு அழ வேண்டும் என்பது உண்மை: பரனூரில் தொடங்கி மேலூரைத் தாண்டும்வரை அவை விட்டபாடில்லை. ஆனால் திரும்பும்போது அம்மா கட்டிக்கொடுக்கும் அரிசிச் சிப்பத்தை 15 கிலோ வரம்பு வைத்து யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சென்னை விமான நிலையம் இருப்பதே மதுரைக்குப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில். மயிலாப்பூர்க்காரருக்கு அது போகிற வழி. கூடுவாஞ்சேரிக்காரரோ விமானம் பிடிக்க வடக்கே திரும்பி வர வேண்டும். அதே நேரத்தில் காரை எடுத்திருந்தால் செங்கல்பட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் இருப்பார். மதுரையிலும் இதே கதை. விமான நிலையம் நகருக்குத் தெற்கே. சென்னைச் சாலை நுழைவதோ வடகிழக்கில், ஒத்தக்கடை, மாட்டுத்தாவணிப் பக்கம். மேலூரில் கல்யாணம் என்றால் விமானத்தில் வந்தவர் வந்த திசையிலேயே திரும்பிப் போக வேண்டும். அருப்புக்கோட்டையில் கல்யாணம் என்றால் விமானத்துக்கே என் ஓட்டு.

ரயிலைச் சொல்லாவிட்டால் மதுரைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1977 முதல் ஓடும் வைகை எக்ஸ்பிரஸ் ஒருபுறம் இருக்க, 2024இல் வந்த நாகர்கோவில் வந்தே பாரத் எழும்பூரிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மதுரையில் இறக்கிவிடுகிறது. வீட்டு வாசல் கணக்கில் அது விமானத்துக்கும் காருக்கும் நடுவில் நிற்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் சாதாரண நாளுக்கு. போகிக்கு முந்தைய மாலையில் பெருங்களத்தூரைத் தாண்டவே ஒன்றரை மணி நேரம் ஆகலாம். விமானக் கட்டணமோ அன்று எட்டாத உயரத்தில் இருக்கும். அந்த வாரத்துக்கு மட்டும், 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கும் காலையிலேயே ரயில் டிக்கெட்டுக்கு உட்கார்ந்துவிடுகிறேன்.