பழைய தொட்டியில் கடல்நீர்: இரண்டு வருட அனுபவம்

கொளத்தூரில் ஒரு நாலடித் தொட்டி பாதி விலைக்கு வருகிறது, உப்புநீருக்கு எடுக்கலாமா என்று நண்பர் கேட்டார். நன்னீரில் ஓடிய அதே மாதிரிப் பழைய தொட்டி ஒன்று (4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்) இங்கே இரண்டு வருடமாகக் கடல்நீரில் ஓடுகிறது. போன வாரம்தான் அதன் இரும்பு ஸ்டாண்டை இரண்டாம் முறையாகத் துரு சுரண்டி பெயின்ட் அடித்தது. அந்தக் கோபம் இந்தப் பதிலில் இருக்கும்.

கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. போர் தண்ணீர் விட்டுப்போன வெள்ளைப் படிவு பார்க்கப் பயமுறுத்தினாலும் அது சுண்ணாம்புதான், சாதாரண வினிகருக்கே கரையும். கறை படிந்த பக்கம் கீழே வரும்படி தொட்டியைப் படுக்க வைத்து, டிஷ்யூ பேப்பரை விரித்து, வினிகரில் நனைத்து, மேலே பாலித்தீன் போட்டு 2 மணி நேரம் விடுங்கள். பிறகு புது பிளேடை நன்றாகச் சாய்த்துத் தள்ளினால் உரிந்து வந்துவிடும். ஸ்டீல் நார் ஆகாது. கண்ணாடியைக் கீறுவதோடு, உதிர்ந்த துணுக்குகள் உப்புநீரில் துருப்பிடிக்கும். பாத்திரம் விளக்கும் சோப்பும் வேண்டாம், மிச்சம் இருந்தால் ஸ்கிம்மர் (நுரை கிளப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவி) நுரைத்து வழியும். வினிகரை முழுதாகக் கழுவிய பிறகே பிளீச்சிங் திரவம், 20 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு, அரை மணி நேரம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கழுவி ஒரு நாள் வெயிலில் காயவிட்டால் போதும்.

பழைய கல், மணல், ஃபில்டர் ஸ்பாஞ்சு எதையும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து ஊற்றிய தொட்டியாக இருந்தால் சுண்ணாம்புக் கல்லும் மணலும் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். மீன் தாங்கும் அளவே இறால், நத்தை, பவளத்துக்கு விஷம். முதல் மாதம் தாமிர டெஸ்ட் கிட் கையில் இருக்கட்டும்.

எரிச்சல் எல்லாம் சிலிகானில்தான். இந்தத் தொட்டியின் பின்பக்க இடது மூலையில், விரல் நீளத்துக்குப் பழைய சிலிகான் மேலேயே புதுசைப் பூசியிருந்தது. காய்ந்த சிலிகானோடு புது சிலிகான் ஒட்டாது. மேலாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். நன்னீர் ஊற்றி மூன்று நாள் வைத்த சோதனையில் ஒரு சொட்டுகூடத் தெரியவில்லை. காரணம், அந்த அளவு கசிவு வெளியே வருவதற்குள் காய்ந்துவிடும். கடல்நீர் அப்படியல்ல. நீர் போனாலும் உப்பு நிற்கும். ஆறாவது வாரம் அந்த மூலையில் உப்பு பூத்தது. துடைத்தால் நாலே நாளில் மறுபடி பூக்கும், அதற்கு நேர் கீழே ஸ்டாண்டின் கால் அரிக்கிறது. 200 லிட்டருக்கு மேல் தண்ணீர், கல், பவளம் எல்லாவற்றையும் வெளியே எடுக்காமல் இதைச் சரிசெய்ய வழியே இல்லை.

ஆகவே எப்படியும் உப்புநீருக்குத்தான் எடுப்பேன் என்றால், வாங்கிய அன்றே, ஒட்டு வேலை கண்ணில் படாவிட்டாலும், உள்பக்கச் சிலிகான் ஓரம் மொத்தத்தையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் இருக்கும் இணைப்பைத் தொட வேண்டாம், ஆனால் அதற்குள் காற்றுக் குமிழி ஓடியிருந்தால் அந்தத் தொட்டியே வேண்டாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பூஞ்சைத் தடுப்பு மருந்து சேராத 100% சிலிகானை ஒரே இழுப்பில் போட்டு விரலால் ஒருமுறை மட்டும் தடவுங்கள். மேல்தோல் கட்டுவதற்கு முன் டேப்பை உரித்துவிட வேண்டும். ஒரு வாரம் காயட்டும். வினிகர் வாடை அடிக்கிறவரை உள்ளே இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

அதன்பின் கசிவுச் சோதனையை நன்னீரில் செய்யாமல் கல்லுப்புக் கரைத்த தண்ணீரில் செய்யுங்கள். லிட்டருக்கு 35 கிராம் வீதம் இந்த அளவு தொட்டிக்கு 8, 9 கிலோ ஆகும். ஒரு வாரத்தில் எங்கே உப்பு பூக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். கழுவி ஊற்றிய பிறகு கடல் மீனுக்கான உப்பு, டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பூஜ்யம் காட்டும் தண்ணீர், அடர்த்தி 1.025 என்று வழக்கம்போலப் போகலாம். வீட்டு ஆர்ஓ இயந்திரத்தில் டிடிஎஸ் கன்ட்ரோலர் இருந்தால் அந்தத் தண்ணீர் உதவாது.

இவ்வளவு தெளிவான கண்ணாடி இந்த விலைக்குக் கிடைப்பது லாபம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் உப்புநீருக்கு எடுக்காதீர்கள் என்றே சொல்வேன். முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்றால் அதில் நன்னீர் மீனே விடுங்கள்.