தூளி கட்டக் கொக்கி காட்டினார்கள், 45,000 ரூபாயைச் சுருட்டிக்கொண்டார்கள்

கோபத்தில் கை நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து 45,000 ரூபாயை விட்டிருக்கிறோம். எனக்கு இது ஒன்பதாவது மாதம். சென்னையில் வீடு தேடுகிறவர்கள், முக்கியமாக மாசமாக இருக்கிறவர்கள், பணம் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது வேளச்சேரியில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கால் வீங்க ஆரம்பித்ததும் டாக்டர் படி ஏறி இறங்குவதைக் குறைக்கச் சொல்லிவிட்டார். முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று பேச்சு இருந்தது. ஆனால் திருநெல்வேலி வரைக்கும் ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டாம் என்றும் அவரே சொன்னார். சரி, அம்மா இங்கே வரட்டும், நாம் தரைத்தளமாகப் பார்த்து மாறிவிடலாம் என்று முடிவு செய்தோம். ‘இப்போ போய் வீடு மாத்துவாங்களா’ என்று மாமியார் ஒரு வாரம் புலம்பினார். அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. வேறு காரணத்துக்காக.

புரோக்கர் கமிஷன் இல்லாமல் வீடு பிடித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு செயலியில்தான் பார்த்தோம். பெயர் சொல்லப் போவதில்லை. அதற்கும் தனியாகப் பணம் கட்டினோம், அது வேறு கதை. மடிப்பாக்கத்தில் ஒரு வீடு. கீழ்த்தளம் வாடகைக்கு, உரிமையாளர் மாடியில். ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை போனோம். வாடகை 18,000. பத்து மாத அட்வான்ஸ், 1,80,000.

அந்த அரை மணி நேரத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் உள்ளே போனதுமே அந்த அம்மா ஃபேனுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டார். சாத்துக்குடி பிழிந்து கொடுத்தார். ‘எத்தனாவது மாசம்மா?’ என்று கேட்டார். சொன்னேன். ‘பிரசவத்துக்கு ஊருக்குப் போயிடுவியா?’ என்று அந்த ஐயா கேட்டார். இல்லை, இங்கேதான், அம்மா வந்து மூன்று மாதம் இருப்பார் என்றேன். வார்த்தைக்கு வார்த்தை இதைத்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார். அப்புறம் அந்த அம்மா என் கையைப் பிடித்து உள் அறைக்கு அழைத்துப் போய், கூரையில் இருந்த ஒரு இரும்புக் கொக்கியைக் காட்டினார். ‘என் பேரனுக்குப் போட்டது. நீயும் இதுலயே தூளி கட்டிக்கோ.’

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு என்ன சொல்ல? இரண்டு மாதமாக, ‘குழந்தை வரப்போகுதா, அப்போ வேணாம், சுவத்துல கிறுக்கும்’ என்று கேட்டுக் கேட்டு வெறுத்துப்போயிருந்தவளுக்கு அந்தக் கொக்கி போதுமாக இருந்தது. ‘நாளைக்கு இன்னொரு பார்ட்டி வர்றாங்க, கால் பங்கு இப்பவே போட்டா பிடிச்சு வைக்கிறேன். ஆடி பிறக்கிறதுக்குள்ள பால் காய்ச்சிடுங்க’ என்றார் ஐயா. அங்கேயே, அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அவர் சொன்ன எண்ணுக்கு என் கணவர் 45,000 அனுப்பினார். பிரசவச் செலவுக்கு எடுத்து வைத்திருந்த பணம். கணக்கு அவருடைய மகன் பெயரில் இருந்தது. ரசீது கேட்கவில்லை. பொண்ணு மாதிரி நடத்துகிறவர்களிடம் எப்படி ரசீது கேட்பது என்ற கூச்சம். அன்று மாலையே இந்த வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிட்டோம்.

பால் காய்ச்ச நாள் குறித்து, பாதிச் சாமான் அட்டைப்பெட்டிக்குள் போன பிறகு, இரண்டு நாள் முன்னால் போன் வருகிறது. ‘சார், அது சரிப்பட்டு வராது.’ ஏன்? ‘ரெண்டு பேர்னு சொல்லிட்டு குழந்தை, மாமியார்னு கூட்டம் சேர்க்கிறீங்க, தண்ணி பத்தாது. இதையெல்லாம் மறைச்சுட்டீங்க.’ மறைத்தோமாம்! ஏழரை மாத வயிற்றை நான் எந்தப் பைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு சாத்துக்குடி ஜூஸ் குடித்தேன்?

சரி, வீடு வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றோம். ‘பத்து நாள்ல தர்றேன்.’ பத்து நாள் ஆனது. ‘வேற ஆள் குடி வந்து அட்வான்ஸ் கொடுத்தா அதுலேருந்து தர்றேன்.’ ஆடியில் யார் குடி வருவார்கள்? அடுத்த முறை, ‘பையன் கணக்குல போட்டீங்க, பையனைக் கேளுங்க.’ பையன் பெங்களூரில். வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டான், பதில் இல்லை. போன வாரம் கணவர் நேரில் போனார். மாடியிலிருந்தே அந்த அம்மா, ‘அவர் தூங்குறார்’ என்றார். காலை பதினொரு மணிக்கு. கடைசியாக நேற்று, ‘டோக்கன்னா திரும்ப வராதுன்னு ஊருக்கே தெரியும்’ என்று ஐயா வாயைத் திறந்தே சொல்லிவிட்டார். 45,000 ரூபாய்!

செயலிக்காரர்கள் அவர்களுக்கு மேல். ‘நாங்கள் எண்ணை மட்டும்தான் தருகிறோம், பணப் பரிமாற்றம் உங்கள் பொறுப்பு’ என்று ஒரு பெண் மனப்பாடமாக ஒப்பித்தார். மறுநாள் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி. எது தீர்ந்தது?

வாடகைச் சட்டம் இருக்கிறதே என்று சொல்வீர்கள். 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிய வேண்டும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸே வாங்கக் கூடாது. இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும். படித்து என்ன பயன்? ஒப்பந்தம் போட்டுக் குடிபோனவர்களுக்குத்தானே அது! எங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பணம் அனுப்பிய விவரத்தை வைத்து வக்கீல் நோட்டீஸ் விடலாம் என்று தோழி சொல்கிறாள். விடத்தான் போகிறோம். ஆனால் இந்த வயிற்றோடு நான் அலைய மாட்டேன் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதுதான் எரிகிறது.

நேற்று ராத்திரி அதே செயலியில் அதே வீடு. வாடகை 19,500 ஆகியிருக்கிறது. உள் அறைப் படத்தில் கொக்கி தெரிகிறது. தம்பியை விட்டுப் புது ஆள் மாதிரி பேசச் சொன்னேன். ‘இன்னொரு பார்ட்டி வர்றாங்க, டோக்கன் போட்டா பிடிச்சு வைக்கிறேன்’ என்றாராம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், உட்கார முடியவில்லை, முதுகு வலிக்கிறது. டோக்கனை ஆயிரம் இரண்டாயிரத்துக்கு மேல் போடாதீர்கள். வீடு யார் பெயரிலோ அவர் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். வீட்டு வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பேர், குழந்தை எப்போது, வீடு தராவிட்டால் பணம் எந்தத் தேதிக்குள் திரும்ப வரும், எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அவரை ‘சரி’ என்று பதில் போட வையுங்கள். கையெழுத்தாகும் வரை இருக்கிற வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லவே சொல்லாதீர்கள். அவ்வளவுதான் இப்போது தோன்றுகிறது.

இங்கே புதிதாக வரப்போகிறவர்கள் ஆடியில் குடிவர மாட்டோம் என்றதால் ஆவணி பிறக்கும் வரை எங்களுக்கு இடம் இருக்கிறது. டாக்டர் சொன்ன தேதியும் ஆகஸ்ட் நடுவில்தான். வேளச்சேரி, மடிப்பாக்கம், நங்கநல்லூர் பக்கம், 2015-லும் 2023-லும் தண்ணீர் ஏறாத தரைத்தளம் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். நாங்கள் மூன்று பேர். அம்மா வந்தால் நான்கு.