ஊசித்தட்டானா, பிடில் நண்டா? ப்ராஜெக்டுக்கு எது?

கடலூர் பக்கம் ஜூவாலஜி பசங்க விந்துப் போட்டி (ஒரே பொண்ணோட முட்டைக்கு பல ஆணோட விந்து போட்டி போடுறது) ப்ராஜெக்டுக்கு இந்த ரெண்டுலதான் முழிக்கிறாங்க.

செலவு: தட்டானுக்கு கெடிலம் கரையும் பைனாகுலரும் போதும். நண்டுக்கு பிச்சாவரம், படகு, பர்மிஷன், சேறு.

நேரம்: தட்டானுக்கு வெயில், நண்டுக்கு ஓதம் இறங்கி தண்ணி வத்தணும்.

விஷயம்: தட்டான்தான் செம! ஆண் வால் நுனியால பொண்ணு கழுத்துப் பக்கம் புடிச்சு ரெண்டும் சக்கரமா வளைஞ்சு உக்காந்திருக்குமே, அப்போ தன்னோடத விடுறதுக்கு முன்னாடி பழைய ஆணோட விந்த உள்ளேர்ந்து வழிச்சு எடுத்துடும், 1979ல உயிரியலாளர் ஜொனாதன் வாகே காட்டினது, அப்புறம் முட்டை போடுற வரைக்கும் பல தட்டான் இனங்கள்ல ஆண் பொண்ண விடவே விடாது. நண்டு சமாச்சாரம் பெரும்பாலும் வளைக்குள்ள, நம்ம கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா ஆண் பெரிய கொடுக்க ஆட்டி ஆட்டி கூப்பிடுறத உக்காந்து எண்ணலாம்.

விந்துப் போட்டியேதான் வேணும்னா தட்டான். பொண்ணு எப்படி துணைய தேர்ந்தெடுக்குதுன்னு பாக்கணும்னா நண்டு, பழைய செருப்பா போட்டுட்டுப் போங்க.