ஆறு கப்பல் பயணம், ஒரு சன்னல்

நேற்று ராத்திரி ஏஜெண்டிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. பிப்ரவரி சிங்கப்பூர் குரூஸ், நாலு இரவு, இன்சைடு கேபின், ஆளுக்கு 6,000 ரூபாய் குறைந்திருக்கிறதாம், உடனே சொன்னால் பிடித்து வைக்கிறேன் என்றார். நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த மச்சினன் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அத்தான், வருஷா வருஷம் இந்த மாதிரி சின்னதா போறது நல்லதா, இல்ல பணத்தைச் சேத்து வச்சு அஞ்சாறு வருஷத்துக்கு ஒருக்கா பெருசா ஒண்ணு போறது நல்லதா?" பதில் சொல்ல ஆரம்பித்தேன், மீன் குழம்பு வந்துவிட்டது, பேச்சு அதோடு போயிற்று. பாதியில் நின்றதை இங்கே எழுதுகிறேன். பஃபே எத்தனை மணி வரை, நீச்சல் குளம் எந்தத் தளத்தில் என்பதையெல்லாம் யூடியூபில் ஆயிரம் பேர் காட்டியாயிற்று, அதற்குள் நான் போகவில்லை.

முதலில் என் கணக்கு. துபாயில் வேலை பார்த்த காலத்தில் 2016, 2017, அப்புறம் 2020 ஜனவரி என்று மூன்று தடவை அங்கிருந்தே ஏழு இரவுக் கப்பல்கள். குளிர்காலத்தில் பெரிய கப்பல்கள் வளைகுடாவுக்கு வந்துவிடும், விலையும் நம் கைக்கு எட்டும். நாகர்கோவிலுக்குத் திரும்பி வந்த பிறகு 2022 டிசம்பரிலும் 2024 நவம்பரிலும் சிங்கப்பூரிலிருந்து நாலு இரவு. இந்த ஐந்தும் மலிவு வகை, ஐந்திலும் இன்சைடு கேபின். நடுவில் 2023 செப்டம்பரில், கல்யாணமாகி 25 வருஷம் ஆனதற்காக, சேர்த்து வைத்த பணத்தில் ஒரே ஒரு தடவை சின்ன சொகுசுக் கப்பல், கிரீஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இஸ்தான்புல் வரை ஏழு இரவு.

இனி என் கோபம். அது சன்னல்.

இன்சைடு கேபின் என்றால் கப்பலின் நடுவயிற்றில் நாலு பக்கமும் சுவர் உள்ள அறை. கட்டில், ஒரு சின்ன மேசை, கண்ணாடி, உறிஞ்சி இழுக்கிற கழிப்பறை. விளக்கை அணைத்தால் கையை முகத்துக்கு நேரே நீட்டினாலும் தெரியாது. என் மனைவி பிறந்தது முட்டத்தில். அவள் வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் கடல், கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் ராத்திரி முழுக்கச் சுவரில் வந்து வந்து போகும் என்பாள். அப்படிப்பட்டவளைக் காசு கொடுத்துக் கடலுக்குக் கூட்டிப்போய், கடலே தெரியாத அறையில் படுக்க வைத்தேன். முதல் பயணத்தில் விடிந்துவிட்டது என்று எழுந்து குளித்து, சேலை மாற்றி, என்னையும் எழுப்பினாள். மணி பார்த்தால் இரண்டரை. அவள் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்திருந்த கோலம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

2017-இல் இன்னும் மோசம். கேரண்டி என்ற பெயரில் இருப்பதிலேயே விலை குறைந்த டிக்கெட் ஒன்று உண்டு, அறை எது என்று கம்பெனிதான் முடிவு செய்யும். எங்களுக்குக் கொடுத்தது சமையலறைக்கு நேர் கீழே. காலை நாலு மணிக்கு டிராலியை உருட்ட ஆரம்பித்தால் ஆறு வரை ஓயாது. ஏழு இரவும் அப்படித்தான். வரவேற்பு மேசையில் போய்க் கேட்டேன். சிரித்த முகத்தோடு கப்பல் நிறைந்துவிட்டது என்றார்கள், காது அடைக்கிற பஞ்சு இரண்டு ஜோடி தந்தார்கள். கம்பெனி பெயரை எழுதவில்லை, கேரண்டி எடுத்தால் எந்தக் கம்பெனியிலும் இது நடக்கலாம். ஆனால் நீங்கள் எடுக்காதீர்கள். நூறு டாலர் மிச்சம் பிடிக்கப் போய் ஏழு ராத்திரித் தூக்கத்தை விட்டேன். அறையை நாமே தேர்ந்தெடுக்கிற டிக்கெட் வாங்கி, தளப்படத்தைப் பார்த்து, மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கிற இடமாகப் பிடிக்கணும். நடுப்பகுதியில் கீழ்த்தளம் என்றால் ஆட்டமும் குறைவு. தலைசுற்றல் உள்ளவர்களுக்கு இது அவோமின் மாத்திரையைவிட முக்கியம்.

அதே வருஷம் நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. அதற்கப்புறம் இரண்டு வருஷம் வீட்டில் கப்பல் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. அவள் சொந்த பந்தம் முழுக்கக் கடலில் பிழைப்பவர்கள். 2020-இல் அவளாகத்தான் போகலாம் என்றாள்.

அந்தப் பயணத்தில்தான் ஒரு வழி கண்டுபிடித்தோம். கப்பலின் முன்பக்கத்தில் ஒரு கேமரா இருக்கும், அது காட்டுவது அறை டிவியில் ஒரு சானலில் ஓடிக்கொண்டே இருக்கும். சத்தத்தை நிறுத்திவிட்டு அதை இரவு முழுக்க ஓட விட்டுவிடணும். இருட்டு நேரத்தில் திரையும் கறுப்பாகத்தான் இருக்கும், விடியும்போது மெல்லச் சாம்பலாகி, நீலமாகி, அறைக்குள் வெளிச்சம் வரும். "ஏங்க, டிவியில விடியுது" என்று எழுப்பினாள். அவள் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாளோ அவ்வளவு எனக்கு வலித்தது. ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களில் இதையே பெரிதாக்கி, உள் அறைச் சுவரில் தரையிலிருந்து மேல்வரை திரை வைத்து வெளியே இருக்கிற கடலை நேரடியாகக் காட்டுகிறார்கள். நல்ல யோசனை, இன்சைடுதான் முடியும் என்றால் அந்த வகை அறையைத் தேடுங்கள்.

இப்போது பணம். மச்சினன் போன்றவர்கள் கப்பல் டிக்கெட் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். 2024 நவம்பரில் எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட்டும் துறைமுகக் கட்டணமும் 72,000. டிப்ஸ் தனி, ஆளுக்கு நாளொன்றுக்கு 18 அமெரிக்க டாலர் பக்கம் வந்தது, நாலு நாளுக்குச் சேர்த்து ஏறக்குறைய 12,000 ரூபாய். ஆகக் கப்பலுக்குப் போனது 84,000. திருவனந்தபுரம் - சிங்கப்பூர் விமானம் போக வர 44,000, முந்தின நாள் ஓட்டல் 13,000, விசா, இன்சூரன்ஸ், நாகர்கோவிலிலிருந்து விமான நிலையத்துக்கு டாக்சி எல்லாம் சேர்த்து இன்னொரு 13,000. மொத்தம் 1,54,000-இல் 70,000 கப்பலில் கால் வைக்கும் முன்பே போய்விட்டது. ஓட்டல் செலவு வேண்டாம் என்று அன்றைக்கே போய் இறங்கிவிடலாம் என நினைக்காதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது. பினாங்கும் புக்கெட்டும் தொட்டுவிட்டுத் திரும்பும் வழித்தடம் என்றால் சிங்கப்பூர் விசா இரண்டாம் தடவை நுழையவும் செல்லணும், இதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் சின்னதாகப் போகிறவர் இந்த 70,000-ஐ ஒவ்வொரு வருஷமும் திரும்பத் திரும்பக் கட்டுகிறார். சிங்கப்பூரிலேயோ துபாயிலேயோ இருப்பவருக்கு மலிவுப் பயணம் நிஜமாகவே மலிவு. நம் மாவட்டத்துக்காரருக்கு அது பாதிதான் மலிவு.

இஸ்தான்புல் பயணம் இரண்டு பேருக்கும் விமானம், விசா எல்லாம் சேர்த்து ஒன்பதரை லட்சம் ஆனது. சிங்கப்பூருக்கு ஆறு தடவை போய் வந்துவிடலாம், 24 இரவு. இங்கே ஏழே இரவு.

அந்த ஏழு இரவைப் பற்றி என்ன குறை சொல்ல? பயணிகள் 600 பேர் இருந்தால் ஊழியர்கள் 400 பேருக்கு மேல். எதற்கும் வரிசை கிடையாது. டிப்ஸ் டிக்கெட்டிலேயே அடக்கம், கடைசி நாள் கதவுக்கு அடியில் பில் வந்து விழுந்து மனசைக் கெடுக்காது. மூன்றாம் நாள் காலையில் நாங்கள் கேட்காமலே இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பால்கனி. கடைசிக்கு முந்தின நாள் விடியற்காலையில் மனைவி என் தோளை உலுக்கினாள். வெளியே வந்தால் டார்டனெல்ஸ் நீரிணை, ஒரு பக்கம் ஐரோப்பா, மறு பக்கம் ஆசியா, எதிரே சிவப்பும் வெள்ளையுமான இரண்டு கோபுரங்கள் பனிமூட்டத்திலிருந்து மேலே வந்துகொண்டிருந்தன. 2022-இல் திறந்த சனாக்கலே பாலம், இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே 2,023 மீட்டர், உலகத்தில் எந்தத் தொங்கு பாலத்துக்கும் இல்லாத இடைவெளி. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் 115 அடி உயரத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்த எங்களுக்கு வாய் அடைத்துவிட்டது. கப்பல் அதன் அடியில் போகும்போது மேலே ஒரு லாரி போகிற சத்தம் லேசாகக் கேட்டது. அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு, தேநீர் ஆறிப்போகிறதுகூடத் தெரியாமல், ஒரு மணி நேரம் அப்படியே நின்றாள். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒன்பதரை லட்சம் கொடுக்கலாமா என்று கேட்டால் கொடுக்கலாம் என்பேன்.

ஆனால் அந்தக் கப்பலில் அவளுக்குப் பேச ஆள் இல்லை. எல்லோரும் அன்பாகத்தான் சிரித்தார்கள், அதோடு சரி. சிங்கப்பூர்க் கப்பல்களில் ஏறின அரை மணி நேரத்தில் கோயம்புத்தூர்க்காரர்கள், ஈப்போவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம், பேரனை இடுப்பில் வைத்திருக்கிற சென்னைப் பாட்டி என்று ஒரு கூட்டம் சேர்ந்துவிடும், சாப்பாட்டு மேசையில் யார் வீட்டுக் கல்யாணக் கதையாவது ஓடும். இஸ்தான்புல்லில் இறங்கும்போது அவள் சொன்னது இவ்வளவுதான்: "நல்லா இருந்து. ஆனா ஏழு நாளா உங்ககிட்ட மட்டும்தானே பேசிட்டு இருக்கேன்."

அடுத்த வருஷம் பழையபடி சிங்கப்பூர், பழையபடி இருட்டறை. பால்கனியில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு அது முன்பைவிடக் கஷ்டமாக இருந்தது. இரண்டாம் நாள் அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன், "லைட்ட அணைச்சா ஒண்ணும் தெரிய மாட்டேங்கு" என்று இவள் என்னிடம் முறையிடுவதைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த துண்டுகளோடு அப்படியே நின்றுவிட்டான். "அக்கா, நீங்க நாகர்கோவிலா?" எங்கள் மாவட்டத்துக் கருங்கல் ஊருக்குப் பக்கத்துப் பையன். ஒன்பது மாச ஒப்பந்தத்தில் ஏழாவது மாசம். நான் வழக்கம்போலச் சன்னல் புராணத்தை ஆரம்பித்தேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்க ரூமுக்கும் கிடையாது அண்ணே. தண்ணிக்குக் கீழ, ரெண்டு பேருக்கு ஒரு ரூம். மேல வந்தாத்தான் பகலா ராத்திரியான்னே தெரியும்" என்றான். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னான். கடைசி நாள் ராத்திரி மனைவி தான் கொண்டுபோயிருந்த முந்திரிக்கொத்தை டப்பாவோடு அவனிடம் கொடுத்தாள். அவன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தானே தவிர எங்கள் முன்னால் தின்னவில்லை. அதற்கப்புறம் அவள் சன்னலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை, காசு கொடுத்தவன் கேட்கத்தான் செய்வேன். ஆனால் நாலு ராத்திரிக்கு இவ்வளவு சத்தம் போடலாமா என்று இப்போது எழுதும்போது கொஞ்சம் கூசுகிறது.

சரி, மச்சினனுக்குப் பதில். அடிக்கடி போ, ஆனால் வருஷா வருஷம் வேண்டாம், இரண்டு வருஷத்துக்கு ஒருக்கா போ, மிச்சமாகிற விமானச் செலவைச் சன்னலில் போடு. நாலு இரவுக்கு இன்சைடுக்கும் சன்னல் உள்ள அறைக்கும் ஆளுக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம்தான் வித்தியாசம் வரும். உயிர்காப்புப் படகு மறைக்கிற சன்னல் என்று இன்னும் கொஞ்சம் குறைவாகவும் கிடைக்கும், பாதிக் கடல்தான் தெரியும், ஆனால் வெயில் உள்ளே வரும். முன்பதிவுக்குப் பிறகு விலை இறங்கினால், முழுப் பணம் கட்டும் கடைசித் தேதிக்கு முன்னால் ஏஜெண்டைக் கேள், பல கம்பெனிகள் வித்தியாசத்தைக் குறைத்துக் கொடுக்கும், கேட்காமல் தரமாட்டார்கள். இன்சைடில் மட்டும் படுக்காதே.

இவ்வளவு சொன்ன நான் இன்று காலை ஏஜெண்டுக்கு அனுப்பியதையும் எழுதிவிடுகிறேன். மாமிக்கு, அதாவது மனைவியின் அம்மாவுக்கு, 72 வயசு. வள்ளம் தள்ளக் கை கொடுத்திருக்கிறார், முட்டத்திலிருந்து மீன் கூடையைத் தலையில் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றிருக்கிறார், ஒரு நாளும் கடலுக்குள் போனதில்லை. ஒக்கிக்குப் பிறகு ரொம்ப நாள் பின்வாசலைத் திறக்கவே இல்லை. போன மாசம் நாங்கள் பழைய போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "நடுக்கடல்ல நின்னா நம்ம கரை எப்பிடி இருக்கும், தெரியுமா?" என்று கேட்டார். ஒன்பதரை லட்சக் கப்பலில் அவரைக் கூட்டிப்போக என்னால் ஆகாது. இந்த விலையில் ஆகும். அதனால் பிப்ரவரியில் இரண்டு அறை. மாமிக்கும் மனைவிக்கும் சன்னல் உள்ள அறை, படகு மறைக்காமல் திறந்த கடல் தெரிகிறதாகப் பார்த்துப் போடச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் மச்சினனுக்கும் அந்த 6,000 ரூபாய் குறைந்த இன்சைடு. அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. மாமிக்குப் பாஸ்போர்ட் எடுக்கணும், ஆதாரில் பிறந்த வருஷம் மட்டும்தான் இருக்கிறது, முதலில் அதைச் சரி செய்யப் போகணும்.